மேலே பேராயர், கீழே பிணம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஐரோப்பாவின் பிற்கால இடைக்காலத்துக் கல்லறைகளைப் பற்றி இப்பகுதியில் சுருக்கமாக எழுதியிருந்தோம். கல்லறையின் மேல்தட்டில் இறந்தவரைப் பட்டாடை, மகுடம், மோதிரம் ஆகியவற்றோடும், கீழ்த்தட்டில் அதே மனிதரை அழுகும் பிணமாகவும் செதுக்கிவைக்கும் வழக்கம் குறித்த அந்தக் குறிப்புக்கு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து ஏராளமான கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைச் சுற்றி அமைந்த கேள்விகளாதலால், இந்த இதழில் வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: உயிரோடு இருக்கும்போதே தன் பிணத்தைத் தானே செதுக்கச் சொல்லி, அதை ஊரார் பார்க்கும்படி தேவாலயத்திலும் வைக்கிறார் என்றால், அது பணிவா, பகட்டா? எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றுகிறது.
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், குடியாத்தம்

பதில்: ஐயா, இரண்டும் உண்டு. ஆனால் அவ்விரண்டையும் விட முக்கியமான மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு இங்கிலாந்தின் கான்டர்பரி பேராலயத்தில் உள்ள பேராயர் ஹென்றி சிச்செலியின் கல்லறையை எடுத்துக்கொள்வோம். 1414 முதல் 1443இல் இறக்கும் வரை கான்டர்பரியின் பேராயராக இருந்தவர் அவர். கல்லறையோ 1420களின் நடுவிலேயே எழும்பிவிட்டது. ஆகவே ஏறக்குறைய 18 ஆண்டுகள், தாம் வழிபாடு நடத்திய அதே ஆலயத்தில், தம் பிணத்தை அவர் தாமே பார்த்துக்கொண்டிருந்தார். மேல்தட்டில், முழுத் திருவுடையில், கைகூப்பியபடி, வண்ணம் பூசப்பட்ட பேராயர் படுத்திருக்கிறார். கீழ்த்தட்டில் தலைமுடி மழிக்கப்பட்டு, விலாவெலும்பு தெரிய, விரித்த சவத்துணியின் மேல் ஒரு வெற்றுடல் கிடக்கிறது. சுற்றிலும் உள்ள இலத்தீன் வாசகம், 'ஏழையாகப் பிறந்தேன், பிறகு தலைமைக் குருவாக உயர்த்தப்பட்டேன், இப்போது வீழ்ந்து புழுக்களுக்கு உணவாகக் காத்திருக்கிறேன்' என்கிறது. (ஏழையாகப் பிறந்தேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய தந்தை ஹையம் ஃபெரர்ஸ் என்ற ஊரின் நகரத் தலைவராக இருந்தவர். உடன்பிறந்தவர் ஒருவர் லண்டனின் மேயரானார். தாங்கள் ஐயப்பட்ட பகட்டு எங்கேனும் இருக்கிறதென்றால், அது இந்த வரியில்தான் இருக்கிறது.)

மூன்றாவது காரணம் உத்தரிக்கிற ஸ்தலம். நம் மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இறந்த ஆன்மா நேராக மோட்சத்துக்குப் போவதில்லை, தன் பாவக்கறை தீரும் வரை ஓரிடத்தில் வேதனைப்பட்டுக் காத்திருக்கிறது, உயிரோடு இருப்பவர்கள் செய்யும் செபமும் ஒப்புக்கொடுக்கும் பூசையும் அந்தக் காத்திருப்பைக் குறைக்கின்றன என்பது நம்பிக்கை. இந்தக் கோட்பாட்டை 1274ஆம் ஆண்டு லியோன் நகரில் கூடிய பொதுச்சங்கம் முறைப்படி ஏற்றது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் கீழ்த்தட்டுப் பிணத்தின் வேலை விளங்கிவிடும். அது வழிப்போக்கனின் காலைக் கட்டிப்போட வேண்டும். அவன் திடுக்கிட்டு நிற்க வேண்டும். நின்றவன் வாசகத்தைப் படித்து, ஒரு செபத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பட்டாடைப் பேராயர் எத்தனை அழகாக இருந்தாலும் யாரும் அவருக்காக இரக்கப்படப் போவதில்லை. இரக்கப்படச் செய்வதற்குப் பிணம்தான் வேண்டும்.

சிச்செலி இதோடு நிற்கவில்லை. 1438இல் ஆக்ஸ்ஃபோர்டில் 'சகல ஆன்மாக்கள்' என்ற பெயரில் ஒரு கல்லூரியையே நிறுவினார். ஐந்தாம் ஹென்றி மன்னருக்காகவும் பிரெஞ்சுப் போர்களில் மாண்டவர்களுக்காகவும் செபிப்பது அதன் கடமைகளில் ஒன்று. கல்லூரியும் கல்லறையும் ஒரே வேலைக்காகக் கட்டப்பட்டவை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: 'கறுப்புச் சாவு' என்னும் கொள்ளைநோய் வந்ததால்தான் ஐரோப்பியக் கலையில் எலும்புக்கூடுகள் புகுந்தன என்று எங்கள் பாடக்குறிப்பில் உள்ளது. அது சரியா?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: தேர்வில் அப்படியே எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்; ஆனால் ஆண்டுகள் அதற்கு ஒத்துவரவில்லை. கொள்ளைநோய் 1347ஆம் ஆண்டின் இறுதியில் சிசிலித் தீவில் இறங்கி, 1351க்குள் ஐரோப்பிய மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ கொண்டுபோயிற்று. இனி, இத்தாலியின் பீசா நகரத்து இடுகாட்டு மண்டபச் சுவரில் உள்ள 'மரணத்தின் வெற்றி' என்ற மாபெரும் ஓவியத்தைப் பாருங்கள். வேட்டைக்குப் புறப்பட்ட பிரபுக்களும் சீமாட்டிகளும் திடீரென்று திறந்த மூன்று சவப்பெட்டிகளுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒன்றில் புதிதாய் ஊதிய பிணம், அடுத்ததில் பாதி அழுகியது, மூன்றாவதில் வெறும் எலும்பு. ஒரு குதிரை கழுத்தை நீட்டி மோந்து பார்க்கிறது. ஒருவர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். இந்த ஓவியம் நோய்க்குப் பிந்தியது என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். இப்போது அது புஃபல்மாக்கோ என்ற ஓவியரின் கைவண்ணம் என்றும் 1330களில் வரையப்பட்டது என்றும் அறிஞர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அதாவது, நோய் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பு.

அந்தச் சவப்பெட்டிக் காட்சியின் கதையோ அதற்கும் மூத்தது. உயிருள்ள மூவர் பிணமான மூவரைச் சந்திக்கும் அந்தக் கதை 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதைகளிலேயே வந்துவிட்டது. மறுபக்கத்தில், பிணச்சிலைக் கல்லறைகள் நோய் வந்து நாற்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுகின்றன: பிரான்சின் லாவோன் நகரத்து மருத்துவர் கியோம் த ஆர்சிஞ்ஞி 1393இல் இறந்தார், அவிஞ்ஞோனில் கல்லறை கண்ட கர்தினால் ழான் த லாகிராஞ்ழ் 1402இல் இறந்தார். சாவு பேரளவில் வந்துபோனதால் மக்கள் இந்தக் காட்சிகளை வேறு கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்பதிலும், அவை வேகமாகப் பரவியதற்கு அது காரணம் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் விதை முன்பே விழுந்திருந்தது.

பீசா ஓவியத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 1944 ஜூலையில் போர்க்கால எறிகுண்டால் அந்த மண்டபத்தின் கூரை தீப்பற்றி, ஈயத் தகடுகள் உருகிச் சுவரில் வழிந்தன. எஞ்சிய ஓவியங்களைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தபோது, அவற்றுக்கு அடியில் செங்காவி நிறத்தில் ஓவியர்கள் போட்டிருந்த முதல் கோட்டோவியங்கள் வெளிப்பட்டன. இன்று அவற்றுக்கென்றே பீசாவில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

கேள்வி: உடற்கூறியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். இந்தச் சிலைகளின் படங்களைப் பார்த்தேன். பிணம் இப்படி இருக்காதே?
– பாகாயம் வாசகர்

பதில்: இருக்காதுதான். ஆங்கிலக் கல்லறைகளில் உள்ளவை பெரும்பாலும் வற்றி உலர்ந்த உடல்கள். சதை ஊதி நிறம் மாறும் இடைநிலையை அங்கே எந்தச் சிற்பியும் தொடுவதில்லை. ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போனால் இன்னும் விசித்திரம். சுவிட்சர்லாந்தின் லா சர்ராஸ் என்னும் ஊரில் பிரான்சுவா என்ற பிரபுவின் சிலை இருக்கிறது. அவருடைய கண்களிலும் வாயிலும் தேரைகள் உட்கார்ந்திருக்கின்றன. கை கால்களில் நீண்ட புழுக்கள் நெளிந்து தோலுக்குள் போவதும் வருவதுமாக இருக்கின்றன. முகம் என்று அடையாளம் காண்பதற்கு எதுவுமே மிஞ்சவில்லை. இறந்தவனின் முதுகெலும்பு மச்சையிலிருந்து பாம்பு பிறக்கும் என்பது போன்ற பழைய நம்பிக்கைகள் கற்றவர்களிடமும் இருந்த காலம் அது. சிற்பி பிணவறையைப் பார்த்துச் செதுக்கவில்லை, தான் கேட்ட மறையுரையைச் செதுக்கினான்.

ஆயினும் தங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு விதிவிலக்கு உண்டு. பாரிசை அடுத்த சான்-தெனி ஆலயத்தில் பன்னிரண்டாம் லூயி மன்னருக்கும் அரசி ஆனுக்கும் எழுப்பி 1531இல் முடித்த கல்லறையில், இருவரின் பளிங்கு வயிற்றிலும் குடலை எடுத்துவிட்டுத் தைத்த தையல் தெளிவாகச் செதுக்கப்பட்டுள்ளது. அரச உடல்களைப் பதப்படுத்திய முறையை அறிந்த கைதான் அதைச் செய்திருக்க முடியும்.

இன்னொன்று எதிர்த்திசையில். 1435இல் பிரான்சில் நடந்த சண்டையில் காயமுற்று, கால் வெட்டியெடுக்கப்பட்டு இறந்த ஆருண்டல் பிரபு ஜான் ஃபிட்ஸாலனின் பிணச்சிலை ஆருண்டல் நகரத்து ஆலயத்தில் இரண்டு கால்களோடு படுத்திருக்கிறது. 1857இல் அடியில் தோண்டிப் பார்த்தபோது கிடைத்த எலும்புக்கூட்டில் ஒரு கால் இல்லை.

கேள்வி: பேராயர், கர்தினால், பிரபு என்று ஆண்களாகவே வருகிறதே. பெண்கள் யாரும் இப்படிக் கல்லறை அமைத்துக்கொள்ளவில்லையா?
– இல்லத்தரசி, ஆரணி

பதில்: அமைத்துக்கொண்டார்கள் அம்மா, இத்தகைய கல்லறைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பெண்ணுடையதுதான். கவிஞர் ஜெஃப்ரி சாசரின் பேத்தியும் சஃபோக் கோமகளுமான ஆலிஸ், 1475இல் இறந்தார். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்கிழக்கே யூயெல்ம் என்ற சிற்றூரின் தேவாலயத்தில், அலபாஸ்டர் என்னும் மென்மையான வெண்கல்லில் அவருடைய கல்லறை இருக்கிறது. மேலே கோமகள் கைகூப்பிப் படுத்திருக்கிறார். இடது முன்கையில் ஆங்கில அரசின் உயரிய விருதான கார்ட்டர் பட்டை. ஆண் வீரர்கள் காலில் அணிவதை அவர் கையில் அணிந்திருப்பதைப் பார்த்து, பெண்கள் அதை எப்படி அணிவது என்று பிற்காலத்தவர் தெரிந்துகொண்டதாகக்கூடச் சொல்வார்கள்.

அடித்தட்டில், தரைமட்டத்தில், கல் சாளரங்களுக்கு உள்ளே அவருடைய பிணச்சிலை கிடக்கிறது. கூந்தல் பின்னால் சரிய, வாய் பாதி திறந்து, எலும்பின் மேல் தோல் மட்டும் போர்த்திய உடல். ஒரு கை சவத்துணியை மானம் மறைக்க இழுத்துப் பிடித்திருக்கிறது. சாளரத்தின் வழியே எட்டிப் பார்ப்பவருக்கு இவ்வளவுதான் தெரியும். தரையில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே நீட்டி மேலே பார்த்தால்தான், அந்தப் பிணத்துக்கு நேர் மேலே, கூரையாக அமைந்த கல்லின் அடிப்புறத்தில் வண்ண ஓவியங்கள் இருப்பது தெரியும்: கன்னி மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொல்லும் காட்சி, மகதலா மரியாள், திருமுழுக்கு யோவான். பார்வையாளருக்காக அவற்றை வரையவில்லை. கல் பிணத்தின் கண்களுக்கு எதிரே இருக்கும்படி வரைந்திருக்கிறார்கள்.

ஆலிசும் அவருடைய கணவர் வில்லியமும் 1437இல் அதே ஆலயத்தை ஒட்டி 13 ஏழை ஆண்களுக்கு ஒரு தங்கும் இல்லம் அமைத்தார்கள். உணவும் உறைவிடமும் பெற்ற அந்த முதியவர்கள் நாள்தோறும் ஆலயத்துக்கு வந்து அக்குடும்பத்தின் ஆன்மாக்களுக்காகச் செபிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குடியாத்தம் ஆசிரியருக்குச் சொன்ன அதே கணக்குத்தான் இங்கும். வழிப்போக்கர்கள் நிற்பார்களோ மாட்டார்களோ என்று நம்பியிராமல், ஆலிஸ் நிரந்தரமாகவே ஆட்களை அமர்த்திவிட்டார். அந்த இல்லம் இன்றும் இயங்குகிறது.

கேள்வி: தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவன் நான். செத்த பிறகும் இவர்களுக்கு இரண்டு உடம்பு. எங்களைப் போன்ற உழைப்பாளிகளுக்கு அந்தக் காலத்தில் என்ன கிடைத்தது?
– ஆம்பூர் வாசகர்

பதில்: கல்லறை கிடைக்கவில்லை, ஓவியத்தில் ஓரிடம் கிடைத்தது. பாரிசின் நடுவே 'மாசற்ற குழந்தைகள்' என்ற இடுகாடு இருந்தது. பெரும் பொதுக்குழிகளில் அடுக்கடுக்காகப் புதைத்து, சதை கரைந்ததும் எலும்பைத் தோண்டியெடுத்து, சுற்றுமதிலை ஒட்டிய மண்டபங்களின் பரண்களில் குவித்து, குழியை அடுத்தவர்களுக்குத் தயார் செய்வார்கள். அந்தப் பரணுக்குக் கீழே, ஒரு பக்கத்துச் சுவர் நெடுக, 1424–25இல் 'மரண நடனம்' தீட்டப்பட்டது. பாப்பரசர், பேரரசர், கர்தினால், அரசர் என்று படிப்படியாக இறங்கி உழவர், குழந்தை, துறவி வரை முப்பது பேர். ஒவ்வொருவரின் கையையும் ஒரு செத்தவன் பிடித்து இழுக்கிறான். படத்துக்குக் கீழே இழுப்பவனுக்கும் இழுபடுபவனுக்கும் செய்யுளில் உரையாடல்.

சுவர் 1669இல் சாலையை அகலப்படுத்துவதற்காக இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் கியோ மார்ஷான் என்ற அச்சுக்காரர் 1485இல் அதை மரக்கட்டைச் சித்திரங்களோடு நூலாக வெளியிட்டதால் செய்யுள்கள் தப்பின. அதில் உழவர் பேசும் இடத்தைத் தங்களுக்காகவே சொல்கிறேன். சாவை நான் பலமுறை வேண்டியிருக்கிறேன், ஆனால் இப்போது அதைவிட்டு ஓடவே விரும்புகிறேன், மழையோ காற்றோ, திராட்சைத் தோட்டத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தாலே எனக்குப் போதும் என்கிறார் அவர். பீசா ஓவியத்தில் இதற்கு நேர்மாறு: நொண்டிகளும் குருடர்களுமான பிச்சைக்காரர்கள், 'எல்லா வேதனைக்கும் மருந்தான சாவே, வந்து எங்களுக்குக் கடைசி விருந்தை அளி' என்று கைநீட்டிக் கெஞ்சுகிறார்கள்; அரிவாள் ஏந்திய சாவு அவர்களைத் திரும்பியும் பார்க்காமல், தோப்பில் வீணை கேட்டுக்கொண்டிருக்கும் செல்வர்களை நோக்கிப் பாய்கிறது.

சாவுக்கு முன் எல்லோரும் சமம் என்று இந்த நடனத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்வார்கள். நான் அதை முழுக்க ஏற்பதில்லை. வரிசை குலையவே இல்லை. பாப்பரசர்தான் முதலில் போகிறார், உழவர் தம் முறை வரும் வரை பின்னால் நிற்கிறார்.

கேள்வி: எங்கள் பக்கத்து நடுகற்களோடு இந்தக் கல்லறைகளை ஒப்பிடலாமா?
– செங்கம் வாசகர்

பதில்: ஒப்பிடலாம், ஒற்றுமையைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும், வேற்றுமையைத் தேடினால் நிறையக் கிடைக்கும். 1989 வரை நம் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த செங்கம் வட்டம், நடுகற்களுக்குப் பெயர்போனது. அங்கே எடுத்தனூரில் கிடைத்த ஒரு கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளை மீட்கும் சண்டையில் பட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரன் அதில் ஆயுதத்தோடு நிற்கிறான். கூடவே நிற்கும் நாய்க்கும் தனியாக எழுத்துப் பொறித்து, கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று பதிவு செய்திருக்கிறார்கள். எந்தக் கான்டர்பரியிலும் இதற்கு இணை கிடையாது.

நடுகல் வீரன் ஒருபோதும் பிணமாகக் காட்டப்படுவதில்லை. அம்பு தைத்திருந்தாலும் நிமிர்ந்து நிற்கிறான். காரணம், அவனிடம் நாம்தான் வேண்டிக்கொள்ளப் போகிறோம். செங்கம், தருமபுரிப் பக்கத்தில் இன்றும் இத்தகைய கற்கள் வேடியப்பனாகப் பொங்கலும் படையலும் பெறுகின்றன; மழைக்கும் மாட்டுக்கும் பிள்ளைவரத்துக்கும் ஊரார் அவற்றின் முன் நிற்கிறார்கள். ஐரோப்பியப் பிணச்சிலையின் நிலை தலைகீழானது. அங்கே இறந்தவர் நம்மிடம் வேண்டுகிறார். கொடுக்கும் இடத்தில் இருப்பவனை மெலிந்தவனாகச் செதுக்க முடியாது. கேட்கும் இடத்தில் இருப்பவரைப் பட்டாடையோடு மட்டும் செதுக்கினால் யாரும் கொடுக்க மாட்டார்கள். உடலைக் காட்டும் முறையில் உள்ள இத்தனை வேறுபாடும், யார் யாரிடம் கேட்கிறார் என்ற ஒன்றிலிருந்தே பிறக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: பழவேற்காட்டுக்குச் சுற்றுலா போனபோது, டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் கல்லில் எலும்புக்கூடுகளைக் கண்டோம். அவையும் இந்த வகைதானா?
– வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: வம்சம் அதுதான், ஆனால் வேலை மாறிவிட்டது. அவை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதற்குள் ஐரோப்பாவின் வடபகுதி, புராட்டஸ்டண்டு எனப்படும் சீர்திருத்தச் சபைகளின் கைக்குப் போய்விட்டிருந்தது. அச்சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுத்தன. இங்கிலாந்தில் 1547ஆம் ஆண்டுச் சட்டம், இறந்தோருக்காகப் பூசை வைக்கும் அறக்கட்டளைகளையே கலைத்துவிட்டது. பல ஊர்களில் 'என் ஆன்மாவுக்காகச் செபியுங்கள்' என்ற வரியை மட்டும் உளியால் கொத்தி எடுத்தார்கள், சிலையை விட்டுவிட்டார்கள். டச்சுக்காரர்களும் சீர்திருத்தச் சபையினரே. ஆகவே பழவேற்காட்டு வாயிலில் நிற்கும் எலும்புக்கூடு உள்ளே கிடப்பவருக்காகத் தங்களிடம் செபம் எதையும் கேட்கவில்லை. தங்களுக்கும் நாள் குறைவு என்று மட்டுமே சொல்கிறது. அடுத்த முறை போனால், உள்ளே உள்ள பலகைக் கற்களின் டச்சு எழுத்துகளையும் குலமுத்திரைகளையும் நின்று பாருங்கள். செதுக்குவேலை மிக நுட்பமானது, பெரும்பாலானவர்கள் வாயிலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.